திங்கட்கிழமை விலை

அந்தத் தொழிற்சாலை ஒரு மூக்குக்கு மாதச் சம்பளம் கொடுத்து வந்தது. மூக்குக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறாள் என்பது அங்கே பலருக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். நேரில் பார்த்தால் 'பர்ச்சேஸ் மேடம்', முதுகைத் திருப்பினால் 'மூக்கம்மா'. இரண்டுமே அவள் காதில் விழும். அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் நாலு பேர் நம்மைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்களே, அதுவே பெரிது என்று விட்டுவிடுவாள்.

அவள் வேலை தேங்காய் எண்ணெய் வாங்குவது. கடையில் போய் ஒரு பாட்டில் வாங்குகிற கதை இல்லை. டேங்கர் டேங்கராக வாங்குவது. தேங்காய் எண்ணெய் என்றால் எல்லாம் ஒரே எண்ணெய்தானே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயிலில் காய்ந்த வெள்ளைக் கொப்பரையை ஆட்டி வடிகட்டினால் ஒரு எண்ணெய். மணமும் தெளிவும் இருக்கும், தலைக்குத் தேய்க்கிற பாட்டிலுக்கு அதுதான் போகும். மழைக்குப் பயந்து புகை போட்டுக் காயவைத்த கொப்பரை என்றால் எண்ணெயிலும் புகை ஏறிவிடும். மஞ்சளாக இருக்கும், சோப்புக்குப் போகும். அதையே சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினால் நிறத்தையும் மணத்தையும் உரித்தெடுத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கித் தருவார்கள். எப்பேர்ப்பட்ட போக்கிரி எண்ணெயும் அங்கே போய் வந்தால் நல்ல பிள்ளைதான். அது பிஸ்கட் கம்பெனிகளுக்கு. பிண்ணாக்கிலிருந்து மருந்து போட்டு உறிஞ்சி எடுப்பது கடைசித் தரம். பச்சைத் தேங்காய்ப் பாலிலிருந்து எடுப்பது முதல் தரம். அதன் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும், முகர்ந்து பார்க்கத் தேவையில்லை.

லாரி வந்து நின்றதும் நீளக் குழாயை இறக்கி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எண்ணெய் எடுப்பார்கள். அவள் கண்ணாடிக் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, கண்ணை மூடிக்கொண்டு முகர்வாள். பழைய கொப்பரை என்றால் தொண்டையின் பின்பக்கத்தில் லேசாகக் காரல் தட்டும். பிறகு லேப். மூக்கு சந்தேகப்படும், லேப் நிரூபிக்கும். மூக்கை மட்டும் நம்பி அவள் ஒரு லாரியையும் திருப்பியதில்லை, லேப் காகிதத்தை மட்டும் நம்பி ஒரு லாரியையும் இறக்கியதில்லை.

அந்த மூக்கைக் காப்பாற்றுவதற்கு அவள் கொடுத்த விலையைச் சொல்லத்தான் வேண்டும். பவுடர் கிடையாது, செண்ட் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. தலைக்குத் தேய்ப்பதுகூடச் சுத்திகரித்த எண்ணெய்தான். ஊருக்கெல்லாம் மணக்கிற எண்ணெய் வாங்கிப் போடுகிறவள் தலையில் ஒரு மணமும் இருக்காது. கேன்டீன் பக்கம் போனால் மதியம் முழுக்கக் குழம்பு வாசனை மூக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று, சாம்பிள் பாட்டில்கள் அடுக்கிய அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். முதலில் அது வேலைக்காக ஏற்படுத்திக்கொண்ட கட்டுப்பாடாக இருந்தது. அப்புறம் பழக்கமானது. அதற்கப்புறம் 'மேடத்துக்கு யாரும் ஆகாது' என்ற பேச்சானது. ஒரு பிறந்தநாளுக்கு ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து பரிசு கொடுக்க நினைத்தார்கள். செண்ட் கொடுக்க முடியாது, பூ கொடுக்க முடியாது, கேக்கில்கூட எசென்ஸ் இருக்கும். கூடிக் கூடிப் பேசி, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். நல்ல வாளி, இன்னும் ஓட்டை விழவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைக் கடந்துவிட்டாள். அம்மா போன பிறகு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் அவளும் மிச்சம். அண்ணன் வேறு ஊரில். "எங்களோட வந்து இருந்துடேன்" என்று ஒப்புக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு விடுமுறைக்கு நம்பிப் போனாள். அண்ணி அறைக்கு அறை வாசனைத் திரவம் தெளிக்கிற ஆள். இரண்டே நாளில் இவளுக்குத் தும்மலும் தலைவலியும் வந்து, பெட்டியைக் கட்டிவிட்டாள். பக்கத்து அறையில் அண்ணி, "உங்க தங்கச்சிக்கு நம்ம வீடு நாறுதாம்" என்று சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. அண்ணன் எப்போதுமே இரண்டு பக்கமும் பேசாத நியாயவான்.

ஆக, சனிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தால் திங்கட்கிழமை காலை வரை யாரிடமும் பேச வேண்டிய தேவை அவளுக்கு இருக்காது. டிவி பேசும், அவள் கேட்பாள். எப்போதாவது தெரு நாயைப் பார்த்து "போ அந்தப் பக்கம்" என்று சொன்னால் உண்டு. திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் குடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். பேசாமல் கிடந்த தொண்டை சமயத்தில் காலை வாரிவிடும். அவள் தொண்டையைச் சீர்செய்துகொள்வதற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை காலையில் மில்லுக்காரர் போன் செய்வார்.

மில்லுக்காரர் தொலைவில் ஓர் ஊரில் எண்ணெய் மில் வைத்திருந்தவர். எத்தனையோ வருஷமாக அவரிடம் வாங்குகிறாள், நேரில் பார்த்தது கிடையாது. கனமான, நிதானமான குரல். அந்தக் குரலுக்கு அவள் ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தாள்: உயரம், நல்ல தொந்தி, முறுக்காத மீசை.

"வணக்கம் மேடம். இந்த வாரம் மார்க்கெட்டுக்குத் திமிர் ஏறிப் போச்சு" என்று ஆரம்பிப்பார்.

"அந்தத் திமிரை இறக்கத்தானே சார் நான் இருக்கேன். சொல்லுங்க, என்ன விலை?"

அவர் ஒரு விலை சொல்வார். அவள் அடிமாட்டு விலைக்குக் கேட்பாள். அவர் 'ஐயோ' என்பார். நடுவில் களத்தில் காய்ந்த கொப்பரையை மழை வந்து நனைத்த கதை வரும். எண்ணெய்த் தொட்டியில் விழுந்த பூனை பளபளவென்று ஏறி வந்து ஊரெல்லாம் மினுக்கிக்கொண்டு திரிந்த கதை வரும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பாமல் புத்திமதி மட்டும் அனுப்புகிற இரண்டு மகன்களின் கதை வரும். அவளும் தன் பங்குக்குத் தெருக் குழாய், மாடி வீட்டுச் சண்டை, அந்த நாய் என்று சொல்வாள். பிறகு மறுபடி விலை. இருவருக்கும் எங்கே போய் முடியும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்த பேரம் அது. முடித்தால் போனை வைக்க வேண்டும். அதனால் இரண்டு பேருமே அவசரப்படவில்லை.

ஒரு திங்கட்கிழமை போன் வரவில்லை. அடுத்த வாரம் வந்தது. விலையைச் சொன்னார். லாரி வாடகை யார் பொறுப்பு என்று பேசுவதற்கு முன்னால், "போன வாரம் வீட்ல போயிட்டாங்க மேடம்" என்றார். வீட்ல என்றால் மனைவி. அவளுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "ரேட் நீங்க சொன்னதே இருக்கட்டும் சார்" என்றாள். அவள் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே லோடு அதுதான். கம்பெனி செலவில் ஒரு மனிதரிடம் துக்கம் விசாரித்திருக்கிறாள் என்று கணக்குப் பிரிவில் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த லோடுகளில் ஏதோ மாறியிருந்தது. லேப் எண்கள் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் ஒரு லோடு இளவறுவல் மணம், அடுத்தது பச்சை மணம், அதற்கடுத்தது இரண்டுமில்லை. ஒரே வீட்டுச் சமையல் வாரத்துக்கு வாரம் வேறு வேறு கை பட்டது போல. வேறு மில்லாக இருந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் குடைந்திருப்பாள். மழைக்காலம், கொப்பரை அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மழை போய் வெயில் வந்தது. வெயிலையும் ஒரு காரணமாக்கிக்கொண்டாள்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. வெள்ளைக் கொப்பரை எண்ணெய், முதல் தரம் என்று பேசி வாங்கிய லோடு. லேப் பெண் குழாயில் எடுத்துக் கொடுத்த கிண்ணத்தை அவள் லாரிக்குப் பக்கத்திலேயே நின்று முகர்ந்தாள். மேல் சாம்பிளில் இருக்க வேண்டிய மணத்தில் பாதிகூட இல்லை. நிறம் இருக்க வேண்டியதைவிட வெளுப்பு. சுத்திகரித்த எண்ணெயை ஊற்றிக் கலந்தால்தான் அப்படி வெளுக்கும். அடிச் சாம்பிளை எடுத்தாள். முதல் மூச்சிலேயே தொண்டையில் காரல் தட்டியது. கெட்டுப்போன எண்ணெயின் வாடையை மறைக்க வாடையில்லாத எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு மழை பொறுப்பில்லை.

லேப் பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அமிலம் எல்லையைவிட டபுளா இருக்கு மேடம். என்ன செய்யலாம்?"

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. கலப்படம் என்று தெரிந்தால் லாரி திரும்பும். அந்த மில்லின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு அவர்களிடம் விலை கேட்க முடியாது, அவர்கள் போன் செய்யக் காரணமும் இருக்காது. இந்த விதியைக் கொண்டுவந்ததே அவள்தான். எத்தனையோ மில்களைக் கை நடுங்காமல் அடித்திருக்கிறாள். இப்போது அதே கிண்ணத்தை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள்.

அவள் முகத்தைப் பார்த்த லேப் பெண்ணுக்கு இரக்கம் வந்துவிட்டது. "ரொம்ப வருஷத்துப் பார்ட்டி இல்ல மேடம்? வேணும்னா பெரிய டேங்க்ல விட்டுடலாம். அதுல இருக்கற எண்ணெயோட கலந்தா எல்லைக்குள்ள வந்துடும். யாருக்கும் தெரியாது."

உண்மைதான், யாருக்கும் தெரியாது. பெரிய டேங்க் எதையும் விழுங்கிவிடும். ஒரு வால்வைத் திறந்தால் போதும், வருகிற திங்கட்கிழமை பத்திரமாக இருக்கும். அவள் பயந்துபோனாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் சரி என்று வந்துவிடுமோ என்று பயந்தாள்.

"கலக்காதீங்க மேடம்."

லாரியின் பின் சக்கரத்து நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் எழுந்து நின்றார். குட்டையாக, ஒல்லியாக, கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். வந்ததிலிருந்து பார்க்கிறாள், இந்த வயதில் ஒருவரைக் கிளீனர் வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று மனதுக்குள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் குரல் திங்கட்கிழமைக் குரல்.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான் மேடம். நீங்க கிண்ணத்தை முகர்ந்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

லேப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்தது. நல்ல பெண்.

"லாரியில ஏன் வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"போன்ல சொல்ல வரலை. திங்கக்கிழமையே சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீங்க எடுத்த உடனே அந்த நாய் குட்டி போட்ட கதையை ஆரம்பிச்சுட்டீங்க. அதைக் கேட்டுட்டு அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எதை சார்?"

"மில்லு இல்ல மேடம். மூடிட்டேன். வீட்ல போனதுக்கப்புறம் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மிஷினை எல்லாம் இரும்பு விலைக்குப் போட்டாச்சு."

"அப்ப இவ்வளவு நாளா வந்த எண்ணெய்?"

"அங்க இங்க பிடிச்சு அனுப்பினது. நல்லதாத்தான் பார்த்துப் பார்த்துப் பிடிச்சேன். இந்தத் தடவை மூணு இடத்துல ஏத்தினேன், மூணாவது ஆளு கழுத்தறுத்துட்டான். ஏத்தி முடிச்ச அப்புறம்தான் முகர்ந்து பார்த்தேன். நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும். சரி, நேர்லயே போய் நின்னுடுவோம்னு ஏறி உட்கார்ந்துட்டேன்."

"லாபமாவது பார்த்தீங்களா?"

"லாரி வாடகைக்கே சரியாப் போச்சு."

அவளுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. "அப்புறம் எதுக்கு சார் இந்தத் தலையெழுத்து? பசங்க அங்க இருக்காங்க, சிவனேன்னு உட்கார வேண்டியதுதானே!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்தார்.

"மூடிட்டேன்னு சொல்லிட்டா, திங்கக்கிழமை உங்களுக்கு நான் எதுக்கு மேடம் போன் பண்ணணும்?"

அவள் வாயில் வந்த வசவுகள் அத்தனையும் அங்கேயே நின்றுபோயின. வெயில் டேங்கரின் மேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வெயில் கூசுவதால்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு வசதியாக இருந்தது.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "மழைக்காலத்துலயே தெரியும். ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு கை. தெரிஞ்சும் நான் கேட்கலை."

ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.

"லோடைத் திருப்பறேன். பேரையும் அடிக்கணும்."

"அடிங்க மேடம். இல்லாத மில்லுக்கு எதுக்குப் பேரு?"

திருப்புகிற காகிதம் எழுத வேண்டும். சாம்பிள் அறைக்குக் கூட்டிப் போனாள். போன பிறகுதான் அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி இருப்பது அவளுக்கே உறைத்தது. இத்தனை வருஷத்தில் இரண்டாவது நாற்காலி தேவைப்பட்டதில்லை. பக்கத்துப் பிரிவிலிருந்து ஒன்றை இழுத்து வந்தாள். மூக்கம்மா நாற்காலி இழுத்துப் போவதை ஆபீஸே தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் உட்கார்ந்தார். அவள் எழுதினாள். அவர் தண்ணீர் குடித்தார். "அடிச் சாம்பிள்தான் ரொம்ப மோசம்" என்றாள். "ஆமாம் மேடம்" என்றார். அவ்வளவுதான். போனில் ஓடிக்கொண்டே இருக்கிற பேச்சு, மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்ததும் வரவே இல்லை. நடுவில் வைத்துப் பேச ஒரு விலை இல்லை.

"வரேன் மேடம்" என்று எழுந்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உங்களை உயரமான ஆளுன்னு நினைச்சிருந்தேன்."

"நானும்தான் சார்."

அவர் சிரித்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். டேங்கர் வாசலுக்குப் பக்கத்திலிருந்த எடை மேடையை நோக்கி ஊர்ந்து போயிற்று. வந்த எடையும் போகிற எடையும் சரியாக இருந்தால் சீட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்று அம்மா சொல்வாள். ஒட்டியதை இன்றைக்கு அவளே எழுதித் திருப்பிவிட்டாள். செய்தது சரி. நூறு தரம் கேட்டாலும் அதைத்தான் செய்வாள். ஆனால் திங்கட்கிழமை வரும். கதவைச் சாத்திக்கொண்டு இந்த அறையில் அவள் யாருக்காகத் தொண்டையைச் சீர்செய்துகொள்வாள்? தனியாக இருப்பது அவளுக்குப் பழகிய விஷயம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். அது பழகவே இல்லை என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது.

அவள் ஓடினாள். மூக்கம்மா ஓடி அந்தத் தொழிற்சாலையில் ஒருவரும் பார்த்ததில்லை. எடை மேடையின் மேல் ஏறி லாரியின் கதவைத் தட்டினாள். மேலே ஜன்னலில் அவர் முகம் எட்டிப் பார்த்தது.

"என் சொந்த நம்பரைச் சொல்றேன். உங்க போன்ல போடுங்க."

அவர் பையைத் தடவிப் போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அழுத்தினார். டிரைவர் ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"மேடம், கீழே இறங்குங்க! எடை கூடக் காட்டுது!" என்று எடை மேடைக்காரர் கூண்டிலிருந்து கத்தினார்.

"இருய்யா, இறங்கறேன்" என்று இவளும் கத்தினாள்.

மில்லுக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "பேரைத்தான் அடிச்சாச்சே மேடம். இனிமே எண்ணெய் பேச முடியாது."

"முடியாது."

"விலையும் பேச முடியாது."

"அதுவும் முடியாது."

"அப்ப நாம எதைத்தான் பேசறது?"

பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது. அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

"தெரியலை சார். நீங்க போன் பண்ணுங்க. ஒண்ணும் வரலைன்னா, ரெண்டு பேரும் சும்மா போனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம்."